மூட்டையிலிருந்து எடுத்துப் போட்டது

என் அண்ணி எழுதிய பதினோரு வரிகளை ஒரு திங்கட்கிழமை காலை நான் கெட்டது என்று ஊரறிய எழுதி ஒதுக்கினேன். அந்த வரிகளில் ஒரு குற்றமும் இல்லை. குற்றம் என்னுடையது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வழிகளையெல்லாம் ஏற்கெனவே முயன்று பார்த்துவிட்டேன், அதனால் நேராகவே சொல்கிறேன்.

முதலியார்பேட்டையில் நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நான். அப்பா மில்லில் இருந்தபோது கீழ்வீட்டைக் கட்டினார். மில் மூடிய பிறகு அண்ணன் வயரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்ததில் மாடி எழும்பியது. அண்ணி இந்த வீட்டுக்கு வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. அன்றிலிருந்து இன்றுவரை அவருக்கு நான் தம்பிதான். எனக்கு முப்பத்திரண்டு வயதாகிவிட்டதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

பிழைப்புக்கு வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அது போக, காலையில் இரண்டு மணி நேரம் ஒரு கம்பைலருக்கு உழைக்கிறேன். கம்பைலர் என்றால் என்ன என்று அண்ணன் ஒரு முறை கேட்டான்.

“நாம எழுதுற புரோகிராமை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கும். நாம தப்பா எழுதியிருந்தா, எந்த எடத்துல தப்புன்னு அம்புக்குறி போட்டுக் காட்டும்.”

“அதை யாரு செஞ்சது?”

“யாரு வேணா செய்யலாம். எல்லாம் தொறந்துதான் கெடக்குது.”

“சம்பளம்?”

“கெடயாது.”

“நல்லா இருக்குடா உன் பொழப்பு,” என்று சொல்லிவிட்டு அவன் டெஸ்டரைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அந்தக் கம்பைலருக்கு உலகத்தின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் திருத்தங்கள் அனுப்புவார்கள். அனுபவசாலி ஒருவர் ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துச் சரி என்பார். அதன் பிறகு அது வரிசையில் நிற்கும். உள்ளே விடுவதற்கு முன் பல வகைக் கணினிகளில் எல்லாச் சோதனைகளும் ஓட வேண்டும், அதற்கே மூன்று மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொன்றாக விட்டால் வரிசை தீரவே தீராது. அதனால் சின்னச் சின்னத் திருத்தங்களை ஏழெட்டாகச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி, ஒரே முறை சோதித்து, தேறினால் அத்தனையையும் ஒன்றாக உள்ளே விட்டுவிடுவது வழக்கம். அங்கே அதற்கு வேறு பெயர். நான் மூட்டை என்பேன். தேறாவிட்டால் கட்டியவன்தான் பொறுப்பு. குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் போதும், அந்தத் துளி எது என்று கண்டுபிடித்து வெளியே எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தை மறுபடி கட்ட வேண்டும். ஐரோப்பாக்காரர்கள் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் நம் ஊரில் விடிந்துவிடும். ஆகவே காலை மூட்டை என்னுடையது என்று எப்படியோ ஆகிப்போயிற்று.

மூட்டை கட்டுகிறவர்களுக்கு இரண்டு மரியாதைகள் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒன்று, உன் சொந்தத் திருத்தத்தை நீ கட்டும் மூட்டையில் போடாதே, இன்னொருவர் கட்டட்டும். இரண்டு, ஒன்றைக் கெட்டது என்று சொல்வதற்கு முன் அதை மட்டும் தனியாக ஒரு முறை ஓட்டிப் பார். அந்தத் திங்கட்கிழமை இரண்டையும் மீறினேன்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. விளக்கு வெளிச்சத்தில் மூடி மூடியாகப் பார்த்து, கீறல் விழுந்ததையும் வெடித்ததையும் பொறுக்கி எடுக்கும் பிரிவு. எட்டு மணி நேரமும் நின்றபடியே பார்க்க வேண்டும். பத்து வருடத்தில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்துவிட்டது. உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு மாறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிற்சாலையில் உட்காரும் நாற்காலிகள் எல்லாம் டிகிரிக்காரர்களுக்கு. அண்ணி பன்னிரண்டாவதோடு நின்றவர்.

தொழிற்சாலை வேனில் போகும்போதும் வரும்போதும் போனில் பாடங்களைப் பார்த்துத் தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. நான் கழித்துப் போட்ட பழைய லேப்டாப்பை அவர் எடுத்துக்கொண்டதுதான் என் உதவி, அதையும் நானாகக் கொடுக்கவில்லை. அது சூடானால் அணைந்துவிடும். அண்ணி அதன் அடியில் இரண்டு தாயக்கட்டைகளை வைத்து, காற்று போக வழி செய்து, மேஜை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து ஓட்டினார்.

முதன்முதலில் எழுதிய புரோகிராமே மூடிகளைப் பற்றியதுதான். கீறல், வெடிப்பு, மங்கல் என்று தமிழிலேயே எழுதினார். எங்கோ ஒரு குறியை விட்டுவிட்டார் போலிருக்கிறது, கம்பைலர் தப்பைக் காட்டியது. ஆனால் அம்புக்குறி தப்பான இடத்துக்கு நாலு எழுத்து தள்ளி நின்றது. கீறல் என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. இயந்திரத்தின் கணக்கில் சுழியும் புள்ளியும் சேர்ந்து ஐந்து. அதனால் தமிழ் வருகிற வரிகளில் எல்லாம் அம்பு வலது பக்கம் நகர்ந்துவிடும். பல வருடமாக அந்தக் கம்பைலரோடு குடித்தனம் நடத்துகிற நான் அதைக் கவனித்ததே இல்லை. நான் தமிழில் ஒரு வரி எழுதினால்தானே.

“நீ செய்யிறியே, அதுலதானே இந்தத் தப்பு?” என்று அண்ணி மாடிப்படியின் கீழே நின்று கேட்டார். கால் வலியால் அவர் மாடி ஏறுவதில்லை.

“அதுலதான் அண்ணி.”

“நான் சரி பண்ணி அனுப்பலாமா?”

“யாரு வேணா அனுப்பலாம்.”

இரண்டு மாதம் கழித்து அனுப்பினார். பதினோரு வரி, கூடவே ஒரு சோதனை. எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு பெண்மணி அதைப் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் மாற்றச் சொல்லி, மாற்றியதும் மிக நன்றாக இருக்கிறது என்று எழுதிச் சரி சொன்னார். அன்றைக்கு அண்ணி அந்த ஒரு வரியை அண்ணனுக்கு மூன்று முறை படித்துக் காட்டினார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பேக்கரிக்குப் போய் பப்ஸ் வாங்கி வந்தான்.

அதே சமயத்தில்தான் நம் ஊரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அவரைப் போனில் விசாரித்தது. டெஸ்டர் வேலை, மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பது, உட்கார்ந்து பார்ப்பது. படிப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பொதுவான ஒரு திட்டத்தில் உங்களுடைய வேலை ஏற்கப்பட்டிருந்தால் அதைக் காட்டுங்கள், வெள்ளிக்கிழமை நேரில் வாருங்கள், நாங்களே திறந்து பார்க்கிறோம் என்றார்களாம். ஆகவே அந்தப் பதினோரு வரிகள் வெள்ளிக்கிழமைக்குள் கம்பைலருக்குள் போயாக வேண்டும். அது எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஐந்தே காலுக்கு, முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

“தம்பி, என்னுது இன்னிக்குப் போயிடுமா?”

“மூட்டையில வெச்சுட்டேன் அண்ணி. மதியத்துக்குள்ள உள்ள போயிடும்.”

“வேன்ல இருந்து பாக்கலாமா?”

“பாக்கலாம். பச்சையா டிக் வரும்.”

அன்று எட்டுத் திருத்தங்களைக் கட்டினேன். அண்ணியுடையது ஒன்று. எட்டாவதாக என்னுடையது ஒன்று. சோதனைகள் எங்காவது சிக்கி நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருந்து கைவிடுவது என்று ஒரு கணக்கு உண்டு. அது தேவைக்கு மேல் அதிகம் என்று நினைத்து நான் அதைப் பாதியாகக் குறைத்திருந்தேன். ஒரே ஒரு எண். இதற்குப் போய் இன்னொருவர் கட்டும்வரை காத்திருப்பதா என்று நானே என் மூட்டையில் போட்டுக்கொண்டேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதும் தெரியும். அங்கே எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு.

எட்டரை மணிக்கு மூட்டை தேறாமல் சிவப்பானது. ஒரு வகைக் கணினியில் மட்டும் ஒரு சோதனை நேரம் போதாமல் நின்றுவிட்டது. எந்தச் சோதனை என்று பார்த்தேன். தப்புகளைக் காட்டும் பகுதியில் இருக்கிற பழைய சோதனை. அண்ணி கை வைத்தது அந்தப் பகுதியில்தான். எழுத்து எழுத்தாக அகலத்தை அளக்கிறார், அதனால் மெதுவாகியிருக்கும் என்று ஒரு காரணமும் உடனே மனதில் தயாராகிவிட்டது. நல்ல காரணம். இன்றைக்கு யோசித்தாலும் நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

‘நேரம் போதவில்லை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தவன் நான். அது அதே மூட்டையில் இருக்கிறது. ஒரு பிள்ளைகூட இரண்டையும் சேர்த்துப் பார்த்திருக்கும். எனக்கு அது ஒரு கணம்கூடத் தோன்றவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான், ஆனால் அதைச் சாக்காகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தோன்றாததற்குக் காரணம் உண்டு. என்னை விட்டால் மிச்சம் ஏழு பேரில் புதிய ஆள் ஒருவர்தான், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் இன்னும் கஷ்டம். அவர் என் அண்ணி என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒரு நாள் தெரிந்துவிட்டால், சொந்தக்காரருக்குச் சலுகை காட்டினான் என்று சொல்லிவிடக் கூடாதே என்று எனக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்தில் மற்றவர்களிடம் காட்டாத கண்டிப்பை அவரிடம் காட்டினேன்.

தனியாக ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதற்கு இன்னொரு மூன்று மணி நேரம். பின்னால் பெரிய திருத்தங்கள் வரிசையில் நின்றன. அண்ணியுடையதை எடுத்துப் போட்டேன். சரி என்ற முத்திரையையும் நீக்கினேன். காரணத்தை ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தத் திருத்தம்தான் மூட்டையைக் கெடுத்தது, எழுதியவர் முழுச் சோதனையையும் தன் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பவும் என்பது அதன் சாரம். தாயக்கட்டை மேல் நிற்கும் அந்த லேப்டாப்பில் முழுச் சோதனையை ஓட்ட முடியாது என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

மிச்சம் ஏழையும் கட்டினேன். இந்த முறை எல்லாம் பச்சை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அந்தக் கணினி சில சமயம் வேகமாக ஓடும், சில சமயம் அசமந்தமாக ஓடும். இரண்டாம் முறை நேரத்துக்குள் ஓடி முடித்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது தீர்ப்பாகத் தெரிந்தது. என் ஒற்றை எண் உள்ளே போயிற்று. யாரோ ஒருவர் விரைவாகக் கண்டுபிடித்தீர்கள் என்று எனக்கு நன்றி எழுதினார்.

மதியம் மூன்று மணிக்கு மாடிப்படியில் காலடிச் சத்தம். அண்ணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். தொழிற்சாலைத் தொப்பியின் தடம் நெற்றியில் இருந்தது. போனை என் முன்னால் நீட்டினார்.

“நான்தான் கெடுத்துட்டேனா தம்பி?”

அந்தக் கேள்விக்கு ‘தெரியல அண்ணி, தனியா ஓட்டிப் பாக்கல’ என்பதுதான் உண்மையான பதில். நான் சொன்னது வேறு.

“ஆமா அண்ணி. சின்னத் தப்புதான். முதல் தடவ எல்லாருக்கும் வரும்.”

“மத்த ஏழு பேருக்கும் லேட் ஆயிடுச்சா என்னால?”

“மூணு மணி நேரம். அது பரவால்ல.”

“ஐயோ,” என்றார். அந்த ஏழு பேருக்காக வருத்தப்பட்டார். அதில் ஒருவன் நான்.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் லீவு போட்டார். அண்ணி லீவு போட்டு நான் பார்த்ததே அபூர்வம். கீழ் அறையில் மின்விசிறி காலையிலிருந்து மாலைவரை ஓடிக்கொண்டே இருந்தது. உயிர்மெய் எழுத்துகள் அத்தனையையும் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சோதித்து, சரியாக வந்ததற்கு டிக் போட்டார். எல்லாவற்றுக்கும் டிக்தான் விழுந்தது. புதன்கிழமை நான் தண்ணீர் பிடிக்கக் கீழே போனபோது நோட்டைக் காட்டினார்.

“எந்த எழுத்துல தப்பு வருதுன்னாவது சொல்லேன். எனக்கு எல்லாமே சரியா வருது.”

“சோதனை ஓடுனதைப் பதிஞ்சு வெச்சிருக்கும்ல, அந்த லாக்ல பாருங்க அண்ணி,” என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு மேலே வந்துவிட்டேன். ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தை நான் கொடுக்கவில்லை. வேலை இருந்தது என்று சொல்லலாம். வேலை எப்போது இல்லை?

வெள்ளிக்கிழமை அண்ணன் பைக்கில் கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்ததும் அண்ணி புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

“தொறந்து பாத்தாங்க. சிவப்பா இருந்துச்சு. நீ எழுதுனதைப் படிச்சாங்க. நான் மறைக்கல. என் தப்புதான் சார்னு சொல்லிட்டேன். சரி, தப்பு எங்கன்னு கண்டுபுடிச்சீங்களாம்மான்னு கேட்டாரு. மூணு நாளா தேடறேன், கெடைக்கலன்னு சொன்னேன்.”

அண்ணன் பைக் சாவியை ஆணியில் மாட்டினான்.

“டெஸ்டர் வேலைக்கு வந்துட்டு தப்பு கெடைக்கலன்னு சொன்னா யாரு எடுப்பா? அவங்க மேலயும் தப்பு இல்ல.” எழுந்து போய் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த திங்கள் மறுபடி வேன்.

இரண்டு வாரம் கழித்து வேறொருவர் கட்டிய மூட்டை அதே சோதனையில், அதே கணினியில் நின்றது. அதில் அண்ணியின் வரிகள் இல்லை. இரண்டு நாளில் இன்னொன்று. அந்த இரண்டாவது ஆள் மரியாதை தெரிந்தவர். எதையும் எடுத்துப் போடாமல் ஒவ்வொன்றாகத் தனியே ஓட்டிப் பார்த்திருக்கிறார், ஒன்றிலும் குற்றமில்லை. பிறகு பின்னோக்கித் தேடிக்கொண்டே போய் என் எண்ணில் வந்து நின்றார். அதை நீக்கிப் பழையபடி ஆக்கிவிட்டு எனக்கு எழுதியிருந்தார்: மெதுவான கணினிகளுக்கு இந்த நேரம் போதவில்லை போலிருக்கிறது, வருத்தப்பட வேண்டாம், எல்லோருக்கும் நடப்பதுதான்.

என் தப்புக்கு முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் இவ்வளவு பதமாக எழுதுகிறார். செய்யாத தப்புக்கு என் வீட்டு மனுஷிக்கு நான் எழுதியது என்ன? பழைய பக்கத்தைத் திறந்து பார்த்தேன். என் வாசகம் அப்படியே இருந்தது. அதன் கீழே அண்ணி ஒரு வரி எழுதியிருந்தார். அதை நான் அதுவரை படிக்கவே இல்லை. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிக்கவும், கண்டுபிடித்துத் திருத்தி அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தார்.

உடனே கீழே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. எட்டு நாள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு திரிந்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுத்ததோடு நிற்கவில்லை, எரிச்சலாகவும் வந்தது. அண்ணி சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுந்தேன். ஒரு நாள் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, என் மேல் வர வேண்டிய கோபம் அந்தக் காலின் மேல் வந்தது. இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்றால், இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கனகசெட்டிக்குளத்திலிருந்து அண்ணியின் அப்பா மீன் கொடுத்தனுப்பியிருந்தார். அண்ணி கொல்லைக் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

“தலை உனக்குத்தான், எடுத்து வெச்சிருக்கேன்,” என்றார் நிமிராமலே.

“அண்ணி, அன்னிக்கு மூட்டை கெட்டது உங்களால இல்ல.”

கை நிற்கவில்லை.

“என்னால. நான் ஒரு எண்ணைக் கொறச்சேன். அது அதே மூட்டையில இருந்துச்சு. உங்களுதைத் தனியா ஓட்டிப் பாக்காம எடுத்துப் போட்டுட்டேன். நீங்க எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல.”

கத்தியைக் கீழே வைத்தார். குழாயைத் திறந்து இரண்டு கையையும் முழங்கைவரை கழுவினார். மெதுவாகத்தான் கழுவினார்.

“எப்பத் தெரிஞ்சது?”

“எட்டு நாள் ஆச்சு.”

“மூணு நாளு லீவு போட்டுத் தேடுனேன். இல்லாத தப்பை எப்படிடா தேடுறது?”

பதினெட்டு வருடத்தில் அவர் என்னை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் திட்டுவான், அம்மா இருந்தவரை அடித்தும் இருக்கிறார். எதுவும் அந்த ஒரு எழுத்து மாதிரி உறைத்ததில்லை. மன்னிச்சிடுங்க அண்ணி என்றேன். அந்தக் கம்பெனியிடம் நானே பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றே? எங்க எழுதினியோ அங்க எழுது.”

“எழுதறேன்.”

“அண்ணின்னு எழுதாத. சொந்தக்காரிக்கு வக்காலத்து வாங்குறான்னு சொல்லுவாங்க.”

மாடிக்குப் போய் எழுதினேன். ஐந்து நிமிட வேலை, இரண்டு மணி நேரம் ஆயிற்று. பல தடவை அழித்து எழுதியதில் கடைசியில் வந்து நின்றது இதுதான்: முன்பு இந்தத் திருத்தம் நீக்கப்பட்டது தவறான அனுமானத்தால் நேர்ந்துவிட்டது, உண்மையான காரணம் பிறகு கண்டறியப்பட்டுச் சரிசெய்யப்பட்டது, திருத்தத்தை மீண்டும் வரிசையில் சேர்க்கலாம். எழுதி முடித்ததும் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. கீழே போய் அண்ணியிடம் காட்டினேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. போனை வாங்கி, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாகப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“யாரு பண்ணதுன்னு இதுல இல்லியே?”

நானும் எட்டிப் பார்த்துப் படித்தேன்.

“என்னுதை எழுதும்போது, எழுதியவர்னு போட்டிருந்தியே. எழுதியவர் ஓட்டிப் பாக்கணும்னு. இதுல ஆளே இல்ல. தானா நடந்த மாதிரி இருக்கு.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழம்பைக் கிளறினார்.

அங்கேயே, அடுப்பங்கரை வாசலில் நின்றபடி திருத்தினேன். இந்த மூட்டையைக் கட்டியவன் நான். என் சொந்தத் திருத்தத்தை அதில் போட்டேன். அதுதான் மூட்டையைக் கெடுத்தது. இவருடையதைத் தனியாகச் சோதிக்காமல் நான் இவர்மேல் பழி போட்டேன். இவர் எழுதியதில் எந்தக் குற்றமும் இல்லை. இவ்வளவுதான், ஐந்து வாக்கியம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இருந்ததை அந்த ஐந்து வாக்கியம் ஓரளவு நேர் செய்தது. ஆனால் அந்தப் பக்கத்தில் ஒன்றை எழுதித் திருத்தினால், ‘திருத்தப்பட்டது’ என்று சின்னதாக ஒரு குறி விழும். அதை அழுத்தினால் முதலில் எழுதியதும் தெரியும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கம்பெனிக்கும் எழுதினேன். அண்ணி வேண்டாம் என்று சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் எடுத்தாகிவிட்டது, அடுத்த முறை கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அண்ணியின் பதினோரு வரிகள் அடுத்த வாரம் உள்ளே போயின. இப்போது உலகத்தில் எவர் தமிழில் எழுதித் தப்புச் செய்தாலும் அம்புக்குறி சரியான இடத்தில் நிற்கும். பச்சை டிக் விழுந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அண்ணி மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். கால் வலியோடு ஏன் ஏறி வந்தீர்கள், என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றேன்.

“அண்ணி, உங்களுது உள்ள போயிடுச்சு.”

அண்ணனின் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டினார்.

“யாரு கட்டுன மூட்டை?”

“வேற ஒருத்தர். வெளிநாட்டுக்காரரு.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்துப் பிழிந்தார்.